மேடைக் கவசமும் வரலாற்றுக் கவசமும்
தமிழர் போருடை பற்றிய ஒரு நோக்கு

கொழும்பிலே தமிழ் வரலாற்று நாடகமொன்றை மேடையேற்ற முற்படுவோர் எதிர்நோக்கும் பிரச்சினைகளுள் ஒன்று, போர்வீரனுக்கு எதனை உடுத்துவது என்பதாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாண அரசின் இறுதி நாட்களைப் பொருளாகக் கொண்ட நாடகமொன்றை வெள்ளவத்தையில் அரங்கேற்ற விரும்பிய மாணவர் சிலருடன், நாடக உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குச் செல்ல நேர்ந்தது. அவர் திறந்து காட்டிய தகரப் பெட்டிக்குள் மினுங்கும் மார்புத் தகடுகளும், சிவப்புத் தூரிகைக் கொண்டை வைத்த தலைக்கவசங்களும், சரிகை தைத்த வெல்வெட் அங்கிகளும் அடுக்கப்பட்டிருந்தன. தவக்காலத்திலே திருப்பாடுகளின் காட்சியில் உரோமச் சேவகர் அணிவன அவையே. ஏனைய மாதங்களிற் சோழ வீரரும் பாண்டிய வீரரும் அணிவனவும் அவையே. எந்த அரசன், எந்த நூற்றாண்டு என்று அவர் எம்மிடம் வினவவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "இராசாவுக்கா, சேவகனுக்கா?"

அன்று அக்கேள்வி எமக்குச் சிரிப்பைத் தந்தது. பின்னர் சான்றுகளை ஒவ்வொன்றாக நோக்கியபோது, எமது வரலாற்று நாடகாசிரியர் பலர் கேட்கத் தவறிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார் என்ற முடிவுக்கே வர வேண்டியதாயிற்று. போரிற் கவசம் அணிந்தவர் யார், அணியாதவர் யார் என்பதை ஆராய்வதும், அவ்வாராய்ச்சியின் துணைகொண்டு மேடைக்கான போருடையைத் தெரிவதற்குச் சில நெறிகளை வகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மேடைக் கவசத்தின் பிறப்பு

இன்று நாம் 'தமிழ் அரசனின் போர்க்கோலம்' என மனத்திற் காணும் உருவம் பழமையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிய பார்சி நாடகக் குழுக்களின் அரங்கு, தீட்டிய திரைகளையும் வெல்வெட் உடுப்பையும் மினுக்கத் தகடுகளையும் மக்களுக்கு அறிமுகஞ் செய்தது. அவ்வரங்கின் செல்வாக்குச் சிங்கள நூர்த்தியிலும் தமிழ் இசை நாடகத்திலும் ஒருங்கே படிந்தது. 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தின் மேடையிலே சிங்கள அரசரும், சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த குழுக்களின் மேடையிலே தமிழ் அரசரும் ஏறக்குறைய ஒரே வகையான ஆடையலங்காரத்துடன் தோன்றினர் எனலாம். பின்னர் இவ்வுருவத்தை நாட்காட்டிப் படங்களும் திரைப்படங்களும் நிலைநிறுத்தின. வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), இராஜராஜ சோழன் (1973) ஆகிய படங்களைப் பார்த்த தலைமுறைக்கு வரலாறு என்பதே அந்த உடையில்தான் வந்து சேர்ந்தது.

ஈழத்தில் இதனோடு இன்னொரு ஊற்றும் கலந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் வளர்ந்த கத்தோலிக்கக் கூத்துகள் ஐரோப்பிய அரசரையும் புனிதரையும் பொருளாகக் கொண்டவை. 'எம்பரதோர்' என்ற போர்த்துக்கேயச் சொல் அக்கூத்தொன்றின் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது. கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்க மக்கள் அம்மரபுக்கு உரியவர்கள். ஆகவே உரோமத் தலைக்கவசம் சோழ வீரனின் தலைக்கு ஏறியமை ஒரு தனிமனிதரின் அறியாமையால் நிகழ்ந்ததன்று. அதன் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கால அரங்க வரலாறு உண்டு. ஆயின் அரங்க வரலாற்றைப் போர் வரலாறாக மயங்குதல் தகாது.

எவற்றைச் சான்றாகக் கொள்வது?

பழங்காலப் போரை நிகழ்த்திக் காட்டுவோர் மேலை நாடுகளிற் பெருந்தொகையினராக உள்ளனர். அமெரிக்காவில் 1966இலும் இங்கிலாந்தில் 1968இலும் இத்தகைய பெரிய சங்கங்கள் தோன்றின. இவர்களிற் பலர் பொழுதுபோக்குக்காகவே அதில் ஈடுபடுவோராயினும், கண்டிப்பானவர்கள் பின்பற்றும் நெறி ஒன்று எமக்கும் பயன்படும். ஒரு கவசத்தையோ வாளையோ தெரிவதற்கு முன்னர் இடம், காலம், சமூகநிலை ஆகிய மூன்றையும் அவர்கள் வரையறுத்துக்கொள்வர். அதன்பின் எஞ்சியுள்ள பொருள், அக்காலத்துச் சிற்பம் அல்லது ஓவியம், அக்காலத்து எழுத்து ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவர்.

அவர்களுக்கு வாய்த்த சான்றுகள் எமக்கு வாய்க்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த கொட்லாந்துத் தீவில் 1361இல் நடைபெற்ற விஸ்பிப் போரில் இறந்த குடியானவப் படையினர், அணிந்திருந்த கவசங்களுடனேயே புதைகுழிகளில் இடப்பட்டனர். அகழ்வாய்வில் வெளிவந்த அக்கவசங்களை அளந்தே இன்று படியெடுக்கின்றனர். எமது நாட்டிலோ ஈரக்காற்று இரும்பை அரிக்கும். எஞ்சிய இரும்பும் கொல்லன் உலைக்குத் திரும்பிக் கத்தியாகவும் கலப்பைக் கொழுவாகவும் மாறும். போரிற் பட்ட சாதாரண வீரனைக் கவசத்துடன் புதைத்த குழிகள் எமக்குக் கிடைத்தில. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலைகூட 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தழிக்கப்பட்டது. பல ஆயுதங்கள் உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட, தெரிந்தெடுத்த சிலவே சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் நாம் காணும் கஸ்தானை வாள்களும், பொன்னும் வெள்ளியும் இழைத்த ஆயுதங்களும் பெரும்பாலும் பிரபுக்களின் உடைமைகள். நூதனசாலைகள் யாவும் இவ்வகையிற் செல்வர் பக்கமே சாய்ந்தவை. விலையுயர்ந்த பொருளைத்தான் காத்து வைப்பர். குடியானவனின் ஈட்டியை எவரும் காத்து வைப்பதில்லை.

எழுத்தும் கல்லும்

சங்கச் செய்யுட்களிற் கவசம் இல்லாமலில்லை. ஆனால் அது எவருடைய உடலில் இருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. புறநானூற்றின் 13ஆம் பாடலில், அம்புகள் பாய்ந்து சிதைந்த புலித்தோற் கவசம் பேசப்படுகிறது. அதனை அணிந்திருப்பவன் யானைமீது வரும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி. பதிற்றுப்பத்திலே சேர மன்னர் தம் வீரர்க்கு 'மெய்ம்மறை' போன்றவர் எனப் போற்றப்படுகின்றனர். மெய்யை மறைப்பதாகிய கவசத்தைக் குறிக்கும் அழகிய தமிழ்ச்சொல் அது. அரசனே வீரரின் கவசம் என்ற இவ்வுருவகத்தைப் புலமை நயம் எனப் பாராட்டிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். வீரனுக்கு இரும்புக் கவசம் கிடையாத உலகிலே, அரசன்மீது வைத்த விசுவாசமே கவசமாக வழங்கப்பட்டது என்று அதனைப் படிக்கவும் இடமுண்டு.

முல்லைப்பாட்டுத் தரும் செய்தி இன்னும் தெளிவானது. பாசறையில் மன்னனைக் காவல்செய்யும் யவனர் 'மெய்ப்பை' அணிந்தவராக அங்கு வருணிக்கப்படுகின்றனர். மெய்ப்பை என்பது சட்டை. யவனரின் அச்சந்தரும் தோற்றத்தின் ஒரு கூறாகவே புலவர் அச்சட்டையைக் காட்டுகிறார். உள்ளூர் வீரர் எல்லோரும் சட்டையணிந்திருந்தால் அதனைச் சிறப்பாகச் சுட்டும் தேவை இருந்திராது. கொட்டாஞ்சேனைப் பெட்டியிலிருந்த உரோமச் சேவகனுக்கும் தமிழரசனின் பாசறையில் ஓர் இடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆயின் அவ்விடம் அந்நியனாகிய கூலிக் காவலனின் இடமேயாம்.

இலக்கியம் அரசவையைச் சார்ந்து பேசுமாயின், நடுகல் ஊரைச் சார்ந்து பேசுகிறது. தமிழ்நாட்டின் செங்கம் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட பல்லவர் காலத்து நடுகற்கள், கால்நடை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் பட்ட வீரருக்கு எடுக்கப்பட்டவை. 'தொறு' என்று கல்வெட்டுக் கூறும் மாட்டு மந்தைக்காக உயிர்விட்ட இம்மனிதர், திறந்த மார்பும் இடைக்கச்சும் முடிந்த கொண்டையுமாக, ஒரு கையில் வில்லும் மறுகையிற் குறுவாளும் ஏந்தி நிற்கின்றனர். சில கற்களில் அம்புகள் உடலிலே தைத்த நிலையிற் காட்டப்படுகின்றன. அம்பு தைப்பதற்கு அங்கே தடையாகக் கவசம் எதுவும் இல்லை.

சோழர் காலத்துக்கு வருவோமாயின், தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் இராசராசனின் படைப்பிரிவுகள் பலவற்றைப் பெயர் குறித்துக் கூறுகின்றன. வில்லிகளின் பிரிவுகள் உண்டு. 'வாள் பெற்ற கைக்கோளர்' என்ற பிரிவும் உண்டு. வாள் 'பெற்ற' என்ற சொல்லாட்சி சிந்தனைக்குரியது. ஆயுதம் வீரனின் தன்னுடைமையாக இன்றி, மேலிருந்து வழங்கப்படும் மதிப்பாக இருந்த ஒரு சமுதாய அமைப்பை அது உணர்த்துகிறது எனக் கொள்ளலாம். வாளே பெறற்கரியதாயின் கவசத்தைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டவர் ஈட்டியும் கேடயமும் மட்டும் கொண்டு, ஏறக்குறைய ஆடையின்றியே போருக்குச் செல்வர் என எழுதினார். அதனைக் கொண்டு அவர்களைத் திறமையற்ற வீரர் என இகழவும் செய்தார். அவருடைய மதிப்பீட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. கண்ணாற் கண்ட செய்தியை மறுக்கவும் காரணமில்லை. நடுகல்லும் பயணியின் குறிப்பும் இவ்விடத்தில் ஒத்துப்போகின்றன.

விசயநகரக் காலத்தில் நிலைமை ஓரளவு மாறுகிறது. 1520ஐ அடுத்து விசயநகரத்தைப் பார்த்த போர்த்துக்கேயரான தொமிங்கோ பாயஸ், கிருஷ்ணதேவராயரின் படை அணிவகுப்பை வருணிக்கிறார். குதிரைவீரர் அணிந்திருந்த அங்கிகள் வெளியே பட்டும் வெல்வெட்டுமாக இருப்பினும், உள்ளே தோல் மடிப்புகளும் இரும்புத் தகடுகளும் வைத்துத் தைக்கப்பட்டவை என்று அவர் கூறுகிறார். இது மேடைக்கு ஆடை தெரிவோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. தென்னிந்தியக் கவசம் என நாம் துணிந்து கூறக்கூடியது பெரும்பாலும் இவ்வாறு தைத்த கவசமே. கண்ணாடிபோற் பளபளக்கும் மார்புத் தகட்டை மேலே தொங்கவிடுவது இதனோடு பொருந்தாது. இங்கும் அதனை அணிந்தோர் விலையுயர்ந்த இறக்குமதிக் குதிரைமீது அமரும் தகுதியுடையோர் என்பதை மறத்தலாகாது.

இரும்பு இல்லாமையா?

தமிழரும் சிங்களவரும் இரும்புத் தொழிலிற் பின்தங்கியிருந்தமையாற்றான் கவசம் அருகிற்று என்று எவரேனும் கூறின், அது தவறாகும். இலங்கையின் சமனலவெவப் பகுதியிற் பருவக்காற்றின் வேகத்தையே பயன்படுத்தி இயங்கிய உலைகள் அகழ்வாய்வில் வெளிப்பட்டுள்ளன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரிய அவ்வுலைகளில் உருக்கையும் நேரடியாகப் பெற முடிந்தது என்பதை 1996இல் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீப்பின் உருக்கையும் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கைக் கம்மியர் செய்த துவக்குக் குழல்களை வெகுவாகப் புகழ்ந்துள்ளார். இரும்பும் இருந்தது, கைத்திறனும் இருந்தது.

அப்படியாயின் காரணங்கள் வேறு. அவற்றுள் முதலாவது தட்பவெப்பம். இரும்பு வளையங்கள் கோத்த சட்டையொன்று ஏறத்தாழ 10 கிலோகிராம் நிறையுடையது. ஐரோப்பிய முழுத் தகட்டுக் கவசம் 15 முதல் 25 கிலோகிராம் வரை நிறைக்கும். கொழும்பின் புழுக்கத்தில் அதனை அணிந்து அரைமணி நேரம் ஒத்திகை பார்ப்பவர் இக்காரணத்தை விளக்கமின்றியே உணர்வர். சேற்று வயலிலும் காட்டிலும் களப்பிலும் போரிடுபவனுக்கு விரைவே சிறந்த காப்பு.

எனினும் வெப்பத்தை மட்டும் காரணமாக்குவது போதாது. அதே வெப்பத்தில் விசயநகரக் குதிரைவீரர் தோலும் இரும்பும் சேர்த்துத் தைத்த அங்கியை அணிந்தனர். ஆகவே இரண்டாவது காரணமே அடிப்படையானது. கவசம் செய்தற்கு இரும்பும் கரியும் நீண்ட நாள் உழைப்பும் வேண்டும். அவ்வுழைப்பின் பயனைப் பெறும் உரிமை நிலமானிய அமைப்பின் உச்சியிலிருந்த சிலருக்கே இருந்தது. இரும்பை உருக்கியவனும் அடித்தவனும் வெற்றுடம்போடு போருக்குச் சென்றனர். இதிகாச மரபிற் கர்ணனின் கவசம் பிறப்பிலேயே உடலோடு ஒட்டி வந்தது எனக் கூறப்படுவதும் இவ்வுண்மையோடு இயைபுடையதே. கவசம் என்பது குடிப்பிறப்பின் அடையாளம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றியிருந்தது.

1619ஐ மேடையேற்றுதல்

மாணவர்கள் தெரிந்த பொருளுக்கு வருவோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி' (1956) முதலாக, யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி ஈழத்து நாடகத்தில் திரும்பத் திரும்ப இடம்பெறும் பொருளாகும். 1619இற் பிலிப்பே டி ஒலிவேராவின் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. இரண்டாம் சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனைக்குள்ளானான். அதன் பின்னரும் கரையார் தலைவனான வருணகுலத்தானின் எதிர்ப்பும், தஞ்சை இரகுநாத நாயக்கர் அனுப்பிய வடுகப் படைகளின் வரவும் நிகழ்ந்தன. இந்நிகழ்ச்சிகளுக்கு எவ்வாறு உடையும் கருவியும் தெரிவது?

முதலாவதாக, இது வெடிமருந்துக் காலம் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். வாளும் வேலும் வில்லும் வழக்கிலிருப்பினும் துவக்கும் பீரங்கியும் களத்தில் உள்ளன. துவக்கு இல்லாத 1619 மேடை, வாளேந்திய வீரனின் தோல்வியை விளங்காப் புதிராக்கிவிடும். பின்னர் அப்புதிருக்கு விடையாகக் காக்கைவன்னியன் போன்ற துரோகி ஒருவனையே தேட வேண்டியிருக்கும். இதே தவறு பண்டாரவன்னியன் நாடகங்களிலும் நிகழ்கிறது. கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நிறுத்திய நினைவுக்கல் காட்டும் நாள் 1803 ஒக்டோபர் 31. அக்காலத்து வன்னித் தலைவனுக்குச் சோழர் காலத்து மார்புத் தகடு எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவதாக, சாதாரண யாழ்ப்பாண வீரனுக்குத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய முரட்டு வேட்டி, இடைக்கச்சு, தலைத்துணி, தோலாலான கேடயம், ஈட்டி ஆகியன போதுமானவை. வேட்டி கோராத் துணியாக இருத்தல் நலம். வெளுத்த வெள்ளை மின்னொளியிற் கண்ணைப் பறிக்கும். கடற்கரை மக்களாகிய வருணகுலத்தானின் ஆட்களுக்கு இதனினும் குறைந்த உடையே இயல்பு. அரசனுக்கும் நெருங்கிய தலைவர் சிலருக்கும் பஞ்சும் தோலும் வைத்துத் தைத்த அங்கி கொடுக்கலாம். வடுகப் படைத்தலைவருக்கும் அது பொருந்தும்.

மூன்றாவதாக, போர்த்துக்கேயர் பக்கத்தில் இரும்புத் தொப்பியும் மார்புத் தகடும் சிலருக்கு உரியனவே. பெட்டியிலுள்ள தகடுகள் இங்குப் பயன்படலாம். தூரிகைக் கொண்டையை மட்டும் கழற்றிவிட வேண்டும். ஆயின் போர்த்துக்கேயப் படை எனப்பட்டதிற் பெரும்பகுதியினர் இலஸ்கரின்கள் என்னும் உள்நாட்டு வீரர். அவர்களுக்கும் எதிரணியினருக்கும் உடையில் அதிக வேறுபாடு இருக்கமுடியாது. மேடையின் இருபுறத்திலும் ஒரே மாதிரியான வெற்றுடம்பு மனிதர் எதிரெதிரே நிற்பது நாடக நெறியாளருக்கு இடர்ப்பாடாகத் தோன்றலாம். வரலாற்றின் உண்மை அந்த இடர்ப்பாட்டிலேதான் இருக்கிறது. வெள்ளையரின் பேரரசும் உள்ளூர் அரசும் மோதியபோது இருபுறமும் மாண்டவர் பெரும்பாலும் இந்நாட்டு ஏழைகளே.

கருவிகளைப் பொறுத்தவரை, நடிகரின் பாதுகாப்பே முதன்மையானது. வாளின் விளிம்பு மழுங்கியும் முனை உருண்டும் இருத்தல் வேண்டும். ஈட்டி முனையை மரத்தாலோ இறப்பராலோ செய்து வர்ணம் பூசலாம். கவசமற்ற உடலுடன் போரிடும் காட்சியில் ஒவ்வோர் அடியும் முன்னரே அளந்து பழகப்பட வேண்டும்.

கூத்தின் வழி

இவ்வளவும் கூறியபின் ஓர் ஐயம் எழலாம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே அரசர் கரப்புடுப்பும் முடியும் புயங்களும் அணிந்து ஆடுகின்றனரே, அதுவும் வரலாற்றுக்குப் புறம்பானதன்றோ? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் பேராதனையிலிருந்து புதுக்கி மேடையேற்றியபோது எவரும் உண்மைக் கவசத்தைக் கோரவில்லையே?

கூத்தின் உடை தன்னை வரலாறு என்று கூறிக்கொள்வதில்லை. அங்கே உடை ஆட்டத்துக்கு உரிய மொழி. சுழலும்போது விரியும் கரப்பும், தாளத்துக்கு அசையும் முடியும் பாத்திரத்தின் தரத்தைக் குறிக்கும் குறியீடுகள். காண்போரும் அதனை அறிவர். சிக்கல் எழுவது, 'இது உண்மையில் நிகழ்ந்தது' என்ற உரிமையோடு வரும் நாடகத்திலும் திரைப்படத்திலும் சிலையிலுமே. ஆகவே நேர்மையான வழிகள் இரண்டுள்ளன: கூத்தின் மோடியை முழுமையாக ஏற்பது ஒன்று, சான்றின் வழி நின்று உடுத்துவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே நின்று தகரத்தை வரலாறு எனக் காட்டுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இது அழகியல் பற்றிய வெறும் வாதமன்று. எல்லா வீரருக்கும் கவசம் அணிவித்துக் காட்டும் மேடை, பழந்தமிழ்ச் சமுதாயத்திற் பொன்னும் இரும்பும் எல்லோருக்கும் பொதுவாய் இருந்தன என்ற மயக்கத்தை உண்டாக்குகிறது. அரசனின் கவசத்தில் எமது பெருமையைக் காண்கிறோம். கவசமின்றி மாண்டவனை மறக்கிறோம். போரை மிக அண்மையில் கண்ட ஒரு நாட்டிலே, காப்பின்றிப் போருக்கு அனுப்பப்பட்டோர் யார் என்ற கேள்வியை மறைக்கும் பெருமை ஆபத்தானது.

கொட்டாஞ்சேனைப் பெரியவரிடம் மாணவர்கள் மீண்டும் சென்றனர். அரசனுக்கு ஓர் அங்கியும் போர்த்துக்கேயர் நால்வருக்குத் தகடுகளும் மட்டும் எடுத்துக்கொண்டனர். சேவகருக்கு எதுவும் வேண்டாமா என்று அவர் வினவ, வேட்டி தாங்களே கொண்டுவருவதாக ஒரு மாணவன் கூறினான். "அப்ப சேவகனுக்குக் காசில்லை" என்று சொல்லி அவர் பெட்டியை மூடினார். அது நானூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அப்படியே இருந்தது.